எந்நேரமும் ஒரு ‘ஒருவேளை’: பரவலான பதற்றக் கோளாறு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மருத்துவன் இல்லை. திண்டுக்கல்லில் ஆயுள் காப்பீட்டு முகவர். அடுத்தவர்களின் ‘ஒருவேளை’களுக்கு பாலிசி எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறவன். என்னுடைய ‘ஒருவேளை’களுக்குத்தான் பல வருடம் வழி தெரியாமல் இருந்தது. எனக்கு இருப்பது பரவலான பதற்றக் கோளாறு என்று ஒன்பது வருடங்களுக்கு முன்பு ஒரு மனநல மருத்துவர் சொன்னார். அதை மறைக்காமல் பேச ஆரம்பித்த பிறகு, உறவிலும் தொழிலிலும் பலர் தனியாகக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். அப்படிக் கேட்கப்பட்டவைதான் கீழே இருக்கும் கேள்விகள். மருந்து பற்றி நான் சொல்வதை வைத்து நீங்களாக எதையும் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம். மருத்துவரிடம் என்ன கேட்கலாம் என்று தெரிந்துகொள்ள மட்டும் பயன்படுத்துங்கள்.

கவலை யாருக்குத்தான் இல்லை? இதை ஏன் நோய் என்கிறார்கள்?

கடன் தவணை நெருங்கும்போது கவலைப்படுவது நோய் இல்லை. தவணையைக் கட்டி ரசீதை வாங்கிய அன்று சாயங்காலமே மனம் அடுத்த கவலையைத் தேடிக் கிளம்பினால்தான் யோசிக்க வேண்டும்.

என் மகள் கல்லூரியில் படித்தபோது ஆறரைக்கு பஸ் வரும். ஆறு நாற்பது ஆனால் என் மனைவி, “டிராஃபிக்கா இருக்கும்ங்க” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார். நான் அதற்குள் வத்தலகுண்டு ரோட்டில் ஒரு விபத்தைப் பார்த்து, எந்த ஆஸ்பத்திரி, யாருக்கு முதலில் போன் என்பது வரை போயிருப்பேன். அவள் வந்து செருப்பைக் கழற்றியதும் நிம்மதி வரும். ஐந்து நிமிடம் இருக்கும். அப்புறம் அம்மாவின் சர்க்கரை ரிப்போர்ட், அது முடிந்தால் மொட்டை மாடியில் நீர் கசிவு.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் கையேட்டில் 1980இல்தான் இதற்குத் தனிப் பெயர் கொடுத்தது. முதலில் ஒரு மாதம் இருந்தாலே போதும் என்றார்கள். 1987இல் அதை ஆறு மாதமாக்கினார்கள். இன்றைய கணக்கு இது: ஆறு மாதமாவது, பெரும்பாலான நாட்களில், பல விஷயங்களைப் பற்றி, அடக்க முடியாத அளவுக்குக் கவலை இருக்க வேண்டும். கூடவே இருப்புக்கொள்ளாமை, சீக்கிரம் சோர்ந்துபோவது, கவனம் நிற்காமல் மண்டை வெறுமையாவது, எரிச்சல், தசை இறுக்கம், தூக்கக் கேடு ஆகிய ஆறில் மூன்றாவது இருக்க வேண்டும். வேலையையோ குடும்பத்தையோ அது பாதித்திருக்கவும் வேண்டும்.

எனக்கு மனசில் ஒன்றும் இல்லை. நெஞ்சு படபடப்பு, வயிற்றைப் பிசைவது, கழுத்து வலி. உடம்பில்தான் எல்லாம். அதுவும் இதுவா?

இருக்கலாம். நம் ஊரில் பாதிப் பேர் இந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள். முதலில் ‘கேஸ்’ என்போம். மெடிக்கலில் ஒரு ஜெலுசில். பிறகு ஈசிஜி, எக்கோ, டிரெட்மில். எல்லாம் நார்மல். பிறகு வயிற்றுக்கு எண்டோஸ்கோப்பி. அதுவும் நார்மல். கடைசியில் யாராவது ‘நரம்புத் தளர்ச்சி’ என்று பெயர் வைத்து சத்து ஊசி போட்டு அனுப்புவார்கள். நான் இந்தச் சுற்றில் நான்கு வருடம் இருந்தேன்.

உடம்பு பொய் சொல்வதில்லை. ஆபத்து என்று மூளை நினைத்துவிட்டால் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, ஓடவோ அடிக்கவோ தயாராகத் தசைகள் இறுகுகின்றன, செரிமானம் ஒத்திவைக்கப்படுகிறது. நாய் துரத்தினால் இதெல்லாம் உதவும். நாய் இல்லாமலே நாள் முழுக்க இப்படி நின்றால் கழுத்தும் தோளும் வலிக்காமல் என்ன செய்யும்? வேகமாக மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. விரல் நுனியும் உதடும் மரத்துப்போவது அதனால்தான். அதைப் பக்கவாதம் என்று நினைத்துப் பதறுகிறோம், மூச்சு இன்னும் வேகமாகிறது.

அதற்காக எல்லாவற்றையும் மனசின் தலையில் கட்டிவிடவும் கூடாது. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், இதயத் துடிப்பின் தாளம் தவறினாலும் இதே அறிகுறிகள் வரும். ஆஸ்துமாவுக்கு எடுக்கும் சில மருந்துகளும் படபடப்பைக் கிளப்பும். புதிதாக நெஞ்சுவலி வந்து கைக்கோ தாடைக்கோ பரவினால், வியர்த்துக் கொட்டினால், ‘இது பதற்றம்தான்’ என்று வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள், உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். தேவையான டெஸ்டுகளை ஒருமுறை ஒழுங்காக எடுத்துவிட வேண்டும். மருத்துவர் போதும் என்ற பிறகும் நாமாகப் போய் மாதாமாதம் ஈசிஜி எடுப்பது இந்த நோயின் வேலை. ஏன் என்று கீழே வருகிறது.

பேனிக் அட்டாக்கும் இதுவும் ஒன்றா?

இல்லை. பேனிக் திடீரென்று கிளம்பி சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய் இறங்கிவிடும். இப்போதே செத்துவிடுவேன் என்ற பயம் அதில் இருக்கும். நான் சொல்வது பின்னணியில் நிற்காமல் ஓடும் மோட்டார் மாதிரி. சுத்தம், பூட்டு, எண்ணிக்கை என்று ஒரே எண்ணம் விடாமல் துரத்தி, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைத்தால் அது ஓசிடி பக்கம். மனச்சோர்வு பெரும்பாலும் போனதை நினைத்து அழும், இது வரப்போவதை நினைத்து நடுங்கும். ஆனால் இவை தனித்தனியாகத்தான் வரும் என்று சட்டம் இல்லை. எனக்கு மனச்சோர்வும் ஒரு வருடம் சேர்ந்திருந்தது. எது எது என்று பிரிப்பது மருத்துவரின் வேலை.

ஏன் எனக்கு மட்டும் வருகிறது?

உங்களுக்கு மட்டும் இல்லை. பெண்களுக்கு ஆண்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வருகிறது. குடும்பத்தில் இருந்தால் வாய்ப்புக் கூடுதல். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் பரம்பரையின் பங்கைச் சுமார் முப்பது சதவீதம் என்கின்றன. மீதி வளர்ந்த சூழல், பட்ட அடி, உடல்நிலை. யாருடைய வளர்ப்பும் தவறு என்று கை நீட்ட இதில் இடம் இல்லை.

என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு ‘கெட்டது நடக்கும்’ என்பதைவிட ‘என்ன நடக்கும் என்று தெரியாது’ என்பதுதான் தாங்க முடியாமல் இருக்கிறது. ரிசல்ட் மோசம் என்று தெரிந்துவிட்டால்கூட நாங்கள் நிதானமாகிவிடுவோம். என் அப்பாவுக்குப் புற்றுநோய் உறுதியானபோது வீட்டில் அதிகம் தடுமாறாமல் ஓடியாடியவன் நான்தான். அதற்கு முந்தைய பத்து நாள், பயாப்ஸி முடிவுக்குக் காத்திருந்தபோது, சோறு இறங்கவில்லை.

தெரியாததை அப்படியே விட முடியாமல் மனம் யோசித்துக்கொண்டே இருக்கிறது. யோசிப்பது ஏதோ வேலை செய்வது போல இருக்கும். ‘நான் கவலைப்படாவிட்டால் இந்த வீட்டில் வேறு யார் படுவார்கள்?’ என்று எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறோம்! நாம் பயந்தவற்றில் பெரும்பாலானவை நடப்பதும் இல்லை. உடனே மனம் அதன் கணக்கை எழுதுகிறது: கவலைப்பட்டேன், நடக்கவில்லை, ஆக கவலை வேலை செய்கிறது. காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

இருக்கிறதா என்று நானே சோதித்துப் பார்க்கலாமா?

ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இதைக் காட்டாது. ஜிஏடி-7 என்று 2006இல் வெளியான ஏழு கேள்விப் பட்டியல் ஒன்று இருக்கிறது, மருத்துவமனைகளில் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். கடந்த இரண்டு வாரத்தில் பதற்றமாக இருந்தீர்களா, கவலையை நிறுத்த முடியாமல் போனதா, பல விஷயங்களுக்கும் அளவுக்கு மீறிக் கவலைப்பட்டீர்களா, தளர்வாக இருக்க முடியவில்லையா, உட்கார முடியாத பரபரப்பு இருந்ததா, சட்டென்று எரிச்சல் வந்ததா, பயங்கரமாக ஏதோ நடக்கும் என்று பயந்தீர்களா. ஒவ்வொன்றுக்கும் ‘இல்லை’ என்றால் 0, ‘கிட்டத்தட்ட தினமும்’ என்றால் 3. மொத்தம் 21. ஐந்து லேசானது, பத்து நடுத்தரம், பதினைந்து கடுமை. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மருத்துவரைப் பாருங்கள். அந்த எண்ணே நோயின் முடிவு ஆகிவிடாது. நான் முதலில் போட்டபோது 17. தினமும் போட்டுப் பார்த்து, கூடியதா குறைந்ததா என்று கவலைப்பட்டது தனிக் கதை.

வீட்டில் ஒருவருக்கு இது இருக்கிறது. ‘பயப்படாதே, ஒன்றும் ஆகாது’ என்று ஆறுதல் சொன்னால் போதுமா?

அன்பாகத்தான் சொல்கிறீர்கள். ஆனால் இந்த நோய்க்கு அது தீனி.

நான் ஒரு நாளைக்குப் பத்து முறை கேட்பேன்: “கேஸை ஆஃப் பண்ணினயா?”, “டாக்டர் நிஜமாவே ஒண்ணும் இல்லைன்னுதான் சொன்னாரா?” என் மனைவி பத்து முறையும் பொறுமையாகப் பதில் சொன்னார். ஒவ்வொரு பதிலும் கொஞ்ச நேரத்துக்கு இதமாக இருக்கும். அந்த இதத்தின் ருசிக்காகவே மனம் அடுத்த கேள்வியைத் தயார் செய்யும். ‘தெரியாமல் இருந்தாலும் சமாளிக்கலாம்’ என்று பழகிக்கொள்ளும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவே இல்லை. மாதாமாதம் ஈசிஜி எடுத்ததும் இதே ரகம். இரவு இரண்டு மணிக்கு கூகுளில் அறிகுறிகளைத் தேடியதும் இதே ரகம்தான்.

அதற்காக ஒரேயடியாக ‘இனி பதில் சொல்ல மாட்டேன்’ என்று முகத்தைத் திருப்பினால் சண்டைதான் வரும். எங்கள் மருத்துவர் இருவரையும் உட்கார வைத்து ஒரு ஒப்பந்தம் போட வைத்தார். ஒரு கேள்விக்கு ஒரு பதில். இரண்டாம் முறை கேட்டால் என் மனைவி, “இது உங்க பதற்றம் கேக்குது. நான் பக்கத்துல இருக்கேன்” என்பார். முதல் வாரம் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மூன்றாம் வாரத்தில் கேள்விகள் பாதியாகின.

சொல்லக் கூடாத இன்னும் இரண்டு உண்டு. ‘எல்லாம் உன் மனப்பிரமை.’ ‘உனக்கென்ன குறை, எதற்கு இப்படி யோசிக்கிறாய்?’ யோசிக்காமல் இருக்கத் தெரிந்திருந்தால் நாங்கள் யோசித்திருக்க மாட்டோம்.

கவுன்சலிங் என்றால் உட்கார்ந்து பேசுவதுதானே? அதில் என்ன குணமாகும்?

சும்மா பேசுவதும் இதுவும் வேறு. பதற்றத்துக்கு அதிகம் சோதித்துப் பார்க்கப்பட்ட பேச்சு சிகிச்சை சிபிடி (CBT), அதாவது அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. எண்ணம், செயல் இரண்டின் பழக்கத்தையும் மாற்றும் பயிற்சி. வழக்கமாக வாரம் ஒருமுறையாக 12 முதல் 15 அமர்வுகள், ஒவ்வொன்றுக்கும் வீட்டுப்பாடம் உண்டு.

நான் கற்ற முதல் பாடம் கவலைகளை இரண்டு கூடையில் போடுவது. ‘பிரீமியம் கட்ட வெள்ளிக்கிழமை கடைசி நாள், பணம் இல்லை’ என்பது பிரச்சினை. அதற்குச் செய்ய ஏதாவது இருக்கிறது: யாரைக் கேட்பது, எப்போது கேட்பது. ‘ஒருவேளை எனக்கு அறுபது வயதில் பக்கவாதம் வந்தால்?’ என்பதற்கு இன்று செய்ய எதுவும் இல்லை. இரண்டாம் கூடையில் இருப்பதைத் தீர்க்க முயல்வதுதான் எங்கள் வியாதி.

இரண்டாவது, கவலைக்கு நேரம் ஒதுக்குவது. கேட்டால் சிரிப்பு வரும். தாமஸ் போர்கோவெக் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1983இல் சோதித்த முறை இது. தினமும் ஒரே நேரம், ஒரே இடம், அரை மணி நேரம். மற்ற நேரத்தில் வரும் கவலையை ஒரு வரி எழுதி வைத்துவிட்டு அந்த நேரத்துக்குத் தள்ளிப்போட வேண்டும். எனக்கு மாலை ஐந்தரை, மொட்டை மாடி. படுக்கையில் கூடவே கூடாது. காலையில் மலையாகத் தெரிந்த பாதி வரிகள் ஐந்தரைக்குப் படித்தால் ‘இதற்கா?’ என்று இருக்கும். மீதிப் பாதிக்கு உட்கார்ந்து தாராளமாகக் கவலைப்படலாம், அனுமதி உண்டு.

மூன்றாவதுதான் கஷ்டமானது. பயப்படுவதைச் செய்து பார்ப்பது. நான் ஒவ்வொரு விண்ணப்பப் படிவத்தையும் ஐந்து முறை சரிபார்ப்பேன். ‘ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புங்கள், என்ன ஆகும் என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள்’ என்றார் உளவியலாளர். ‘வாடிக்கையாளர் கத்துவார், ஏஜென்சி போய்விடும்’ என்று எழுதினேன். பன்னிரண்டு படிவங்களில் ஒன்று திரும்பி வந்தது. நாமினியின் பிறந்த தேதி விடுபட்டிருந்தது. போன் செய்து கேட்டு எழுதி அனுப்பப் பத்து நிமிடம் ஆனது. பதினொன்று சரியாகப் போனதைவிட இந்த ஒன்று திரும்பி வந்ததுதான் எனக்கு மருந்தாக இருந்தது.

மாத்திரை சாப்பிட்டால் அடிமையாகிவிடுவோமா?

எந்த மாத்திரை என்பதைப் பொறுத்தது. இரண்டு வகையைப் பிரித்துப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

எஸ்சிடலோபிராம், செர்ட்ரலின் போன்றவை ஒரு வகை. வென்லாஃபாக்ஸின், டுலோக்ஸெடின் அதற்குப் பக்கத்து வகை. முதலில் தரப்படுபவை பெரும்பாலும் இவைதான். போதை தராது, நாளாக நாளாக அளவைக் கூட்டச் சொல்லி ஏங்க வைக்காது. ஆனால் உடனே வேலையும் செய்யாது, இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் சில நாட்களில் குமட்டல் வரலாம், பதற்றமே கொஞ்சம் கூடலாம். ‘மாத்திரை எனக்கு ஒத்துக்கவில்லை’ என்று பலர் நிறுத்துவது சரியாக இந்தக் கட்டத்தில்தான். அதனால்தான் குறைந்த அளவில் தொடங்குகிறார்கள். பாலுறவு ஆர்வம் குறைவது பலருக்கு நடக்கும், வெட்கப்பட்டுச் சொல்லாமல் விடுவார்கள். சொல்லுங்கள், மாற்று இருக்கிறது. 25 வயதுக்குக் கீழ் இருப்பவர்களை ஆரம்ப வாரங்களில் வீட்டார் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். சிலருக்குத் தற்கொலை எண்ணம் தலைதூக்கலாம். நன்றாக ஆன பிறகும் ஆறு மாதம் முதல் ஒரு வருடமாவது தொடர்ந்து, பிறகு மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், மின்சாரம் தொட்டது போன்ற உணர்வு வரலாம். அதைப் பார்த்து ‘அடிமையாகிவிட்டேன்’ என்று பயப்பட வேண்டாம்.

அல்பிரசோலம், குளோனசெபம், லோரசெபம் அடுத்த வகை. அரை மணி நேரத்தில் சொர்க்கம். ஆபத்தும் அங்கேதான். நெருக்கடியான இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு மருத்துவர் தந்தால் எடுக்கலாம். அதற்கு மேல் உடல் அதைப் பழகிக்கொள்ளும், அளவு கூடும், திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. ஆனாலும் ‘தூக்க மாத்திரை’ என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கடன் வாங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். வயதானவர்கள் இதைச் சாப்பிட்டு இரவில் பாத்ரூமில் விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொள்வது உண்டு. வருடக்கணக்காக எடுக்கிறவர்கள் பயந்துபோய் நாளையே நிறுத்திவிடாதீர்கள். மருத்துவர் மேற்பார்வையில் மெதுவாகத்தான் இறங்க வேண்டும்.

படபடப்புக்கு புரோப்ரனலால் தருவது உண்டு. ஆஸ்துமா இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அது ஆகாது.

மாத்திரையா, சிபிடியா? இரண்டில் எதில் தொடங்கினாலும் பலன் உண்டு. எனக்கு மாத்திரை இல்லாமல் சிபிடி வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்திருக்கவே முடிந்திருக்காது.

காபியை விட வேண்டுமா? யோகா, நடை?

விட வேண்டாம், எண்ணுங்கள். நான் ஒரு நாளைக்கு ஆறு டம்ளர் ஃபில்டர் காபி குடித்துவிட்டு நெஞ்சு ஏன் அடிக்கிறது என்று இதய மருத்துவரிடம் போனவன். காஃபின் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மாலை நான்கு மணிக் காபி ஒன்பதுக்கும் பாதி உள்ளே இருக்கிறது. இப்போது காலையில் இரண்டு, மதியத்துக்கு மேல் இல்லை. மது அன்று இரவு இளக்கும், மறுநாள் காலையில் வட்டியோடு வசூலிக்கும்.

நடை, பிராணாயாமம் எல்லாம் நல்லதே. மூச்சில் ஒரே விதி: விடும் மூச்சு, இழுப்பதைவிட நீளமாக இருக்கட்டும். தசைத் தளர்வுப் பயிற்சியை எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற மருத்துவர் நூறு வருடத்துக்கு முன்பே உருவாக்கிவிட்டார். கை முஷ்டியில் தொடங்கி, ஒவ்வொரு தசைக் கூட்டத்தையும் சில விநாடி இறுக்கிப் பிடித்து, பட்டென்று விட வேண்டும். எனக்குத் தோள்வலி போனது இதில்தான். ஆனால் ‘பதற்றம் வந்துவிடக் கூடாதே’ என்று பயந்து பயந்து மூச்சுப் பயிற்சி செய்தால் அதுவும் இன்னொரு ஈசிஜி ஆகிவிடும்.

ஜோசியம், பரிகாரம்?

கோயிலுக்குப் போய் மனம் அமைதியானால் போங்கள், நானும் அபிராமி அம்மன் கோயிலுக்குப் போகிறேன். ஜோசியம் மட்டும் எங்களுக்கு ஆகாது. ‘என்ன நடக்கும் என்று தெரியவேண்டும்’ என்ற அரிப்புதான் நோய். அதைச் சொறிந்துவிடுவது ஜோசியரின் தொழில். ஒருவர் நல்லது சொன்னால் உறுதிப்படுத்த இரண்டாமவரிடம் போவோம்.

எங்கே போவது? செலவு எவ்வளவு ஆகும்?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, மருந்தும் இலவசம். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் சிறு ஊர்களுக்கும் மருத்துவர் குறிப்பிட்ட நாட்களில் வருவது உண்டு, பக்கத்து அரசு மருத்துவமனையில் நாளைக் கேளுங்கள். மருந்து எழுதித் தருபவர் மனநல மருத்துவர், சிபிடி தருபவர் பெரும்பாலும் மருத்துவ உளவியலாளர். பிந்தையவர்கள் நம் ஊர்களில் குறைவு, காத்திருக்க நேரும்.

உடனே பேச வேண்டுமென்றால் 14416. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ், கட்டணம் இல்லை, எந்த நேரமும் தமிழில் பேசலாம். இலங்கையில் இருந்தால் கூப்பிட வேண்டிய எண் 1926. வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்திருந்தால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு இப்போதே கூப்பிடுங்கள், கூடவே வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள்.

2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டப்படி, காப்பீட்டு நிறுவனங்கள் மனநோயையும் உடல்நோய் போலவே நடத்த வேண்டும். ஆனால் பெரும்பாலான பாலிசிகள் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தரும், எங்களுக்கோ அதற்கு அவசியமே வராது. இதைச் சொல்வது தொழில் தர்மம்.

மனநல மருத்துவரிடம் போனால் ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்பார்களே?

சொல்வார்கள். 1794இல் தொடங்கிய ஒரு மருத்துவமனையின் ஊர்ப் பெயரை வசவாக்கி வைத்திருக்கிறோம். முதல் முறை போனபோது நான் ஹெல்மெட்டைக் கழற்றாமலே வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவரும் ஹெல்மெட்டோடு இருந்தார். கழற்றிப் பார்த்தால் என்னிடம் பாலிசி எடுத்தவர்.

கல்யாணத்துக்கு முன் சொல்ல வேண்டுமா என்று கேட்கிறவர்களுக்கு: சொல்லிவிடுங்கள். பத்து முறை கேஸ் அடுப்பைப் பற்றிக் கேட்கப்போவது அவர்களிடம்தானே.

முழுதாகக் குணமாகுமா?

சிலருக்கு ஆகிறது. பலருக்கு சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாதிரி ஏறி இறங்குகிறது. நான் மாத்திரையை நிறுத்தி ஐந்து வருடம் ஆகிறது. நடுவில் ஒருமுறை, அம்மாவின் கண் அறுவை சிகிச்சையின்போது, பழைய மோட்டார் ஓட ஆரம்பித்தது. மறுபடி மூன்று அமர்வுகள் போய் வந்தேன். முதலில் பார்த்த அதே மருத்துவரிடம் அன்றும் கேட்டேன்: “டாக்டர், ஒருவேளை இது திரும்ப முழுசா வந்துட்டா?” ஒன்றும் வராது என்று அவர் சொல்லவில்லை. “வரலாம். வந்தா இங்க வரத் தெரியும்ல?” என்றார்.

மகள் இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். போன வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு வரவேண்டிய பஸ் எட்டேமுக்காலுக்கு வந்தது. நான் போனை நாலு தடவை எடுத்துப் பார்த்தேன். கூப்பிடவில்லை.